விசில் அடித்தது குக்கரா, என் காதா?

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி சொல்வது, "உனக்கென்னப்பா, ஒரு சத்தமும் இல்லாம நிம்மதியாத் தூங்கலாம்" என்பதுதான். சண்டை போட்டு அலுத்துவிட்டது. ரெண்டு காதிலும் 65 டெசிபல் போய்விட்டது, பக்கத்தில் நின்று பேசினாலும் பாதி வராது, ஆனால் உள்ளே ஒரு சில்வண்டு ராத்திரி பகல் பார்க்காமல் கத்திக்கொண்டே இருக்கிறது.

குமாரபாளையத்தில் 22 வருஷம் விசைத்தறி ஓட்டினேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். நாங்கள் நின்றது 12 மணி நேர ஷிப்ட். பட்டறைக்குள் பேச்சே கிடையாது, உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் எல்லாம். அப்பாவுக்கும் ஐம்பதிலேயே காது மந்தம் என்பதால் பாதி ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம்.

"மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போனாள். நானும் மூணு எண்ணி அணைத்தேன். திறந்தால் அரிசி அப்படியே கிடக்கிறது. மூணும் என் காது அடித்த விசில். அதிலிருந்து அடுப்புப் பக்கத்திலேயே நின்று ஆவி சீறுவதைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறேன்.

காது டெஸ்ட்டிலும் இதே கூத்துதான். சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டி, கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். எனக்கோ எல்லா நேரமும் கேட்கிறது! கண்டபடி அமுக்கியதைப் பார்த்து டெஸ்ட் எடுத்த பெண்ணே புரிந்துகொண்டு, பீப்பை விட்டு விட்டு வைத்தார். என் வண்டு ஒரே இழுப்பாகக் கத்தும், அதனால் அது வேறு இது வேறு என்று பிரிக்க முடிந்தது.

அவர் சொன்னதுதான் எனக்குப் புரிந்த ஒரே விளக்கம். உள்காதின் நுண்மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அங்கிருந்து சேதி வராததால் மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறது, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைத் திருகினால் இரைச்சல்தானே கூடும், அந்த மாதிரி. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இதெல்லாம் கணக்கில்லை. 2016 சட்டப்படி 60 முதல் 70 டெசிபல் என்றால் காது மந்தம், அதற்குமேல் போனால் செவிடு. எவ்வளவு கேட்கவில்லை என்றுதான் அளக்கிறார்கள், எவ்வளவு கேட்கிறது என்று யாரும் அளப்பதில்லை.

பகலில் காது மெஷின் காப்பாற்றுகிறது. பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிய்த்து, காற்றுப் படட்டும் என்று ஒரு நிமிஷம் வைத்து, உள்ளே போட்டு மாட்டினால் தெருச் சத்தம், டிவி, பாத்திரம் உருள்வது எல்லாம் வந்து வண்டை மூடிவிடும். கஷ்டம் ராத்திரிதான். "ஃபேன் சத்தத்துல தூங்குங்க, போன்ல மழைச் சத்தம் போட்டு விடுங்க" என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அய்யா, மெஷினைக் கழற்றினால் எனக்கு ஃபேனும் கேட்காது, மழையும் கேட்காது. அந்த யோசனையெல்லாம் காது இருப்பவனுக்கு. மெஷினோடு படுத்தாலோ தலையணை பட்டுக் கீச்சென்று அது தனியாக ஒரு விசில்.

தூக்கம் வராத நாளில் மெஷினைத் திரும்ப மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவேன். பக்கத்துத் தெருவில் நைட் ஷிப்ட் தறி ஓடும். என் காதைத் தின்ற அதே சடக் சடக்தான், ஆனால் அதைக் கேட்டால் வண்டு கொஞ்சம் அடங்குகிறது. நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிவாக்கில் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றது. புழுக்கம் தாங்காமல் எழுந்து வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாடா, இப்பத்தான் அமைதியா இருக்குது" என்றாள்.