4கே மானிட்டரும் 1080 மானிட்டரும்: மவுஸ் அம்பை மில்லிமீட்டர் கணக்கில் ஓட வைத்த அனுபவம்

நேர் எதிரே 27 இன்ச் 4கே மானிட்டர், இடது பக்கம் பழைய 23.8 இன்ச் 1080. இரண்டையும் விண்டோஸ் 11-இல் மாட்டியதிலிருந்து, அம்பு பெரியதிலிருந்து சின்னதற்குப் போகும்போது எங்கே போய் நிற்கும் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. பெரிய திரையின் நடுவிலிருந்து தள்ளினால் பக்கத்துத் திரையின் அடிப்பகுதிக்குப் போய்விடுகிறது, இன்னும் கொஞ்சம் கீழே இருந்து தள்ளினால் ஓரத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நாள் முழுக்க இரண்டு திரைக்கும் நடுவே போய் வருகிற ஆளுக்கு இது சின்ன எரிச்சல் இல்லை.

காரணம் எளிது. விண்டோஸ் இரண்டு திரைகளையும் பிக்சல் எண்ணிக்கையை வைத்து மட்டுமே பக்கத்தில் ஒட்டுகிறது. ஒன்றின் உயரம் 2160 பிக்சல், மற்றதன் உயரம் 1080, அதனால் அதன் கணக்கில் சின்ன மானிட்டர் சரிபாதி உயரம், மீதிப் பாதி சுவர். நிஜத்தில் ஒன்று 336 மி.மீ. உயரம், மற்றது 296 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட சமம். ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைத்தாலும் 200 வைத்தாலும் எழுத்தின் அளவு மாறுமே தவிர இந்தக் கணக்கு மாறாது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரைகளைக் குறிக்கும் பெட்டிகளை மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஓர் இடத்தில் பொருந்தும், மற்ற இடங்களில் பொருந்தாது, பொருந்தவும் முடியாது. அதே பக்கத்தில் 'ஈஸ் கர்சர் மூவ்மென்ட் பிட்வீன் டிஸ்ப்ளேஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் சுவர் போய்விடும், எங்கிருந்து தள்ளினாலும் அம்பு அந்தப் பக்கம் போய்விடும். ஆனால் உயரம் சரியாகாது. இதற்கென்றே லிட்டில்பிக்மவுஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் உண்டு, மானிட்டர்களின் நிஜ அளவை வைத்து அம்பைக் கடத்தும். நிரல் எழுதப் பிடிக்காதவர்கள் நேராக அதற்கே போகலாம். எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை, அதனால் ஆட்டோஹாட்கீயில் (விண்டோஸில் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஸ்கிரிப்ட் மொழி) நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.

4கே-யில் ஒரு பிக்சல் 0.1554 மி.மீ., சின்னதில் 0.2745 மி.மீ. டேப் வைத்து அளந்ததில் சின்னத் திரையின் மேல் விளிம்பு பெரியதன் மேல் விளிம்புக்கு 35 மி.மீ. கீழே இருக்கிறது (பிளாஸ்டிக் சட்டத்தை விட்டுவிட்டு, வெளிச்சம் வரும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும்). அம்பு பெரிய திரையில் 1000-ஆவது வரிசையில் இருந்தால் மேலிருந்து 155.4 மி.மீ. அதில் 35 கழித்தால் 120.4, அதை 0.2745-ஆல் வகுத்தால் 439. ஆக அம்பு சின்னத் திரையின் 439-ஆவது வரிசைக்குப் போக வேண்டும். விண்டோஸில் பெட்டிகளின் மேல் விளிம்பைச் சேர்த்து வைத்திருந்தேன், அதனால் அது 1000-க்கே அனுப்பும். கண்ணுக்கு அது 15 செ.மீ. கீழே. தினமும் தேடியது இந்த 15 செ.மீ.-ஐத்தான்.

ஸ்கிரிப்ட் செய்வது இவ்வளவுதான்: ஒரு டைமர் சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அம்பின் இடத்தைப் பார்த்து, கடைசியாக இருந்த உயரத்தை நினைவில் வைக்கும். 4கே பிரைமரி, அதாவது முதன்மைத் திரை என்பதால் அதன் மேல் இடது மூலைதான் பூஜ்யம், இடவலக் கணக்கில் சின்னது -1920-இலிருந்து -1 வரை. எண் மைனஸுக்குப் போனதும், கடந்துவிட்டது என்று தெரிந்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டு அம்பைச் சரியான வரிசையில் வைக்கும், திரும்பி வரும்போது அதையே தலைகீழாகச் செய்யும். ஈஸ் கர்சர் ஆனிலேயே இருக்கட்டும், சுவரை அது பார்த்துக்கொள்கிறது, உயரத்தை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. வேகமாக வீசினால் சில மி.மீ. பிசகும், அது உறுத்தவில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இரண்டு திரைக்கும் ஸ்கேலிங் வேறு வேறு என்றால் விண்டோஸ் ஸ்கிரிப்டுக்கு நிஜ பிக்சலைச் சொல்லாது, பெருக்கி வகுத்த எண்ணைத்தான் கொடுக்கும். 'செட்த்ரெட்டிபிஐஅவேர்னெஸ்கான்டெக்ஸ்ட்' என்ற ஃபங்ஷனை -3 கொடுத்து முதலிலேயே கூப்பிட்டுவிட்டால் நிஜ எண் வரும். அப்புறம், இடது பட்டன் அழுத்தியிருக்கும்போது ஸ்கிரிப்ட் சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போகிற விண்டோவும் அம்போடு சேர்ந்து குதிக்கும்.

உயரம் சரியானதும் வேகம் கண்ணில் பட்டது. என் மவுஸ் 800 டிபிஐ, கை வேகத்துக்கு ஏற்ப அம்பின் வேகத்தை மாற்றும் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' ஆஃப், வேக ஸ்லைடர் நடுவில். கை ஒரு இன்ச் நகர்ந்தால் 800 பிக்சல். அது பெரியதில் 124 மி.மீ., சின்னதில் 220 மி.மீ. அந்தப் பக்கம் போனதும் அம்பு பறக்கிறது. விண்டோஸின் மவுஸ் வேகம் 1 முதல் 20 வரை ஓர் எண், நடு 10, அதில் 6 என்றால் சரிபாதி வேகம். சின்னத் திரைக்குள் நுழையும்போது 6, திரும்பும்போது 10 என்று ஸ்கிரிப்டிலேயே மாற்ற வைத்தேன். 124-க்கு 110, கைக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அதே மேஜையில் லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப்பை வேலண்டில் (திரையில் காட்டும் வேலையைப் பார்க்கும் புதிய முறை) ஓட்டிப் பார்த்தபோது இந்த ஸ்கிரிப்டே வேண்டியிருக்கவில்லை! அங்கே திரைகளை அடுக்குவது ஸ்கேலிங்குக்குப் பிறகான அளவில். 4கே-க்கு 175 சதவீதம் வைத்தால் அதன் உயரம் 1234 ஆகிவிடுகிறது, சின்னது 1080. நிஜ உயரங்களின் விகிதமும் ஏறத்தாழ இதேதான். சின்னத் திரையை 127 புள்ளி கீழே இறக்கி வைத்ததும் உயரம், வேகம் இரண்டும் தானாகவே பொருந்திவிட்டன. மேலே அந்த 35 மி.மீ.-இலும் கீழே சில மி.மீ.-இலும் மட்டும் அம்பு முட்டுகிறது, அங்கே நிஜமாகவே பக்கத்தில் திரை இல்லை.