ஈர்க்குத் தட்டு: பதினோரு வாரம், ஒன்பது தட்டு

செம்பனை (எண்ணெய்ப் பனை) ஓலையில் ஈர்க்கு எடுத்துத் தட்டு பின்னத் தொடங்கிப் பதினோரு வாரம் ஆகிறது. ஒன்பது தட்டு முடிந்திருக்கின்றன. முதல் மூன்றும் யாருக்கும் காட்டும்படி இல்லை. ஒன்பதாவதில் நேற்று வாழையிலை விரித்துத் தோசை வைத்துச் சாப்பிட்டோம்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். வீட்டில் இன்னும் பழைய பேர்தான். மலாயாவில் செம்பனையை முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டது இங்கேதான், 1917-இல், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்ட முதலாளிக்கு எழுத நேரம் இருந்தது, நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் விடியுமுன் கோலம் போட்டுவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடியவர்களையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். கிடைத்த கால் மணி நேரத்தில் அவர்களும் ஒன்றைப் படைத்தார்கள்.

என் அம்மா பல வருஷம் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினார். அந்த மரத்துக்கும் எங்களுக்கும் இடையில் எப்போதும் ஒரு கூலிக்கணக்கு இருந்தது. கணக்கில் வராத ஒன்றே ஒன்று, அவர் வீட்டுக்குக் கட்டும் கூட்டுமாறு. அந்த ஈர்க்கில்தான் எனக்கும் ஆசை வந்தது.

ஓலை சித்தப்பாவின் இரண்டு ஏக்கரிலிருந்து வருகிறது. குலையை வெட்ட அதைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் வெட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு வெட்டு, ஆக எனக்கும் அந்தத் தவணைதான். வெட்டிய மட்டைகளை மர வரிசைகளுக்கு நடுவே அடுக்கி மக்க விடுவார்கள், மண்ணுக்கு அதுவே உரம். அதனால் ஒரு தடவைக்கு இரண்டு மட்டைக்கு மேல் எடுப்பதில்லை. மட்டையின் அடிப்பக்கம் முழுக்க முள். நடுப்பகுதி ஓலைதான் நீளம், அதில்தான் நல்ல ஈர்க்கு.

முதல் தட்டுக்குப் பச்சையாகவே பின்னினேன். அன்று ராத்திரி பார்க்க அழகாக இருந்தது. ஒரு வாரத்தில் ஈர்க்கு காய்ந்து சுருங்கி, பின்னல் லொடலொடவென்று ஆகிவிட்டது. இரண்டாவதற்கு வெயிலில் நன்றாகக் காயவைத்தேன், வளைக்கும்போதே சடசடவென்று ஒடிந்தது. இப்போது நிழலில் காயவைத்து, பின்னுவதற்கு முந்தைய ராத்திரி தண்ணீரில் ஊறவிடுகிறேன். அது சரியாக வருகிறது. ஆனால் முடித்த தட்டை விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். இங்குள்ள ஈரத்தில் மூன்றாவது தட்டு பூசணம் பூத்துப் போனது.

நான்காவது தட்டில் ஏன் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொள்கிறது என்று புரியாமல் இரண்டு வாரம் போனது. ஒரு சனிக்கிழமை அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கட்டுகளை எடுத்துப் பார்த்தார்.

"எல்லா அடியும் ஒரே பக்கமா வச்சிருக்கியே. கூட்டுமாத்துக்குத்தான் அப்படி. இதுக்குத் தலைமாத்தி வை."

ஈர்க்கு அடியில் தடிமன், நுனியில் ஊசி. நான்கு ஈர்க்கு ஒரு கட்டு என்றால் இரண்டை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமுமாக வைக்க வேண்டும். கட்டு முழுக்க ஒரே கனமாகிவிடும். ஐந்தாவது தட்டு தரையில் ஆடாமல் உட்கார்ந்தது. அதை மேசையில் வைத்துக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலையிடத்தில் ஒரு நாளில் எத்தனையோ படிவம் முடிக்கிறேன், எதையும் இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை.

இன்னும் சிரமமாக இருப்பது முடிப்புதான். ஒரு கட்டை அடுத்ததன் மேலே, அதற்கடுத்ததன் கீழே என்று வட்டமாகப் போய், கடைசிக் கட்டுகள் முதல் கட்டுகளுக்கு அடியில் நுழைய வேண்டும். அங்கே இடம் இருக்காது. ஒரு மழுங்கிய ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் தூக்கி இடம் உண்டாக்குகிறேன். இழுத்தால் ஒடியும், விட்டால் அவிழும். ஆறாவதில் மூன்று முறை அவிழ்த்துப் பின்னினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கிறது. முன்பு அந்த நேரத்தில் கைப்பேசி இருந்தது. இப்போது அம்மாவும் நானும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஓலை கிழிக்கிறோம். கத்தியை ஈர்க்கோடு ஒட்டி வைத்து ஒரே இழுப்பில் ஓலையைச் சீவுவது அவருக்குத்தான் வரும். எனக்கு இரண்டு மூன்று இழுப்பு ஆகிறது. தோட்டத்துக் கதைகள் அந்த நேரத்தில்தான் வெளியே வருகின்றன, நான் கேட்காமலே.

சிலர் விலை கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஏழாவது தட்டு கோயிலுக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை தேங்காய், வெற்றிலை வைக்க. எட்டாவது சித்தப்பா வீட்டில்.

அடுத்து, கட்டுக்கு ஐந்து ஈர்க்கு வைத்து, நுனிகளை அடியில் பின்னிக் கால் வைத்த தட்டு. ஈர்க்கு போதாது. இன்று காலை அம்மாவே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, குலை வெட்டு எந்த நாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.