மாநிலங்களின் கையில் அமெரிக்க வாக்கு

2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன், டொனால்ட் டிரம்பைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றுப்போனார். அதைக் கேட்டவர்களில் பலர் ஏதோ முறைகேடு நடந்ததாகவே எண்ணினார்கள். ஆனால் நாடு தழுவிய அந்தக் கூட்டுத்தொகைக்கு அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. ஐம்பது மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் ஒரே நாளில் தனித்தனியே ஐம்பத்தொரு தேர்தல்கள் நடக்கின்றன. அதிபரைத் தீர்மானிப்பவை அவற்றின் முடிவுகளே.

வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு நேரே குறியிட்டாலும், சட்டப்படி அவர் தேர்ந்தெடுப்பது அந்த வேட்பாளரை ஆதரிப்பதாக உறுதியளித்த தேர்வாளர்களை, அதாவது அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்களைத்தான். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதிகள் அவை, செனட் என இரண்டு அவைகள். பிரதிநிதிகள் அவையில் ஒரு மாநிலத்துக்கு உள்ள இடங்களோடு அதன் இரண்டு செனட்டர்களையும் கூட்டினால் கிடைப்பதே அம்மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை; 1961இல் நிறைவேறிய 23ஆம் திருத்தம் தலைநகருக்கு வழங்கிய மூவரையும் சேர்த்தால் மொத்தம் 538 பேர். வெற்றிக்கு 270 தேவை. மேய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு முந்தியவருக்கே மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும் போய்ச் சேர்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவில் வெறும் 537 வாக்குகள் முந்திய ஜார்ஜ் புஷ், அம்மாநிலத்தின் 25 தேர்வாளர்களையும் பெற்று 271 என்ற எண்ணிக்கையில் அதிபரானார்.

எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் அதிபரைப் பிரதிநிதிகள் அவை தேர்ந்தெடுக்கும். அப்போது உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது போய், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்றாகிவிடுகிறது. 1824ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் முதலிடத்தில் இருந்தும், ஜான் குயின்ஸி ஆடம்ஸ் இந்த வழியில்தான் அதிபரானார். அத்தகைய சூழலில் துணை அதிபரைத் தேர்வு செய்யும் பொறுப்பு செனட்டுக்கு உரியது.

இந்தத் தேர்வாளர் முறையைச் சாடுவோர் செனட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுவது எனக்கு வியப்பளிக்கிறது. மக்கள்தொகையைப் புறந்தள்ளுவதில் செனட்டின் அமைப்பு அதைவிடக் கடுமையானது. 2020 கணக்கெடுப்பின்படி 3 கோடியே 95 லட்சம் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும், ஆறு லட்சத்தைக்கூட எட்டாத வயோமிங்குக்கும் தலா இரண்டு செனட்டர்கள். ஒரு மாநிலத்தின் சம்மதமின்றி இந்தச் சமத்துவத்தை அதனிடமிருந்து பறிக்கக் கூடாது என்று அரசமைப்பின் ஐந்தாம் பிரிவே கூறுவதால், எளிதில் மாற்றவும் வழியில்லை. செனட்டரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். 1913இல் 17ஆம் திருத்தம் வரும்வரை செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. டெலவேர் சட்டமன்றத்தில் நிலவிய இழுபறியால் 1901 முதல் 1903 வரை அம்மாநிலத்தின் இரண்டு இடங்களுமே காலியாகக் கிடந்தன.

செனட்டரின் வாக்குக்கு உள்ள எடை, எதற்காக வாக்களிக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. அமைச்சர்களையும் நீதிபதிகளையும் உறுதிசெய்யச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பெரும்பாலான மசோதாக்களிலோ விவாதத்தை முடித்துவைக்கவே 60 வாக்குகள் வேண்டும். உடன்படிக்கைகளை ஏற்பதற்கும், பதவிநீக்க விசாரணையில் அதிபரைக் குற்றவாளி என்று தீர்ப்பதற்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு எதிராக 35 பேரும் ஆதரவாக 19 பேரும் வாக்களித்தார்கள். இன்னும் ஒருவர் மாறி வாக்களித்திருந்தால் அவர் பதவி இழந்திருப்பார்.

அதிபருக்கு இரு அவைகளிலும் வாக்கு கிடையாது. மசோதாவில் கையெழுத்திட மறுத்துத் திருப்பியனுப்பும் அதிகாரம்தான் அவர் கையில் இருக்கிறது; அதையும் மீறிச் சட்டமாக்க ஒவ்வோர் அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதால், அந்த மறுப்பை முறியடிப்பது அரிது.

செனட்டுக்குத் தலைமை வகிக்கும் துணை அதிபர், வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தால் மட்டுமே வாக்களிக்கலாம். பெயரளவிலானது என்று பலர் கருதும் இந்த உரிமை, 2021இல் செனட் ஐம்பதுக்கு ஐம்பது என்று பிரிந்தபோது ஆட்சியின் அச்சாணியாகிவிட்டது. கமலா ஹாரிஸ் தம் பதவிக்காலத்தில் 33 முறை இவ்வாறு வாக்களித்து, ஜான் கால்ஹூனின் 31 என்ற பழைய எண்ணிக்கையைக் கடந்தார். 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராக பீட் ஹெக்செத்தை உறுதிசெய்ததும் துணை அதிபர் ஜே.டி.வான்ஸின் ஒற்றை வாக்குதான். அதிபர், துணை அதிபர் வேட்பாளர்கள் ஒரே இணையாக நிற்பதால், அதிபருக்கு வாக்களிப்பவர், தம்மை அறியாமலேயே செனட்டின் இந்த நூற்றியோராவது வாக்கு யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறார்.

வயோமிங்கைவிட அதிக மக்கள் வாழும் தலைநகர் வாஷிங்டனுக்கு, மாநிலம் அல்ல என்பதால், செனட்டர் ஒருவர்கூட இல்லை. பிரதிநிதிகள் அவையில் அதன் சார்பில் அமர்பவருக்கும் மசோதாக்களை நிறைவேற்றும் இறுதி வாக்கெடுப்பில் உரிமை கிடையாது. எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அதிபர் தேர்வு அந்த அவைக்கே சென்றால், அங்கும் அந்நகர மக்களுக்கு வாக்கு இல்லை.