ஹெட்டை இறக்கச் சொன்னால் முதலில் ஆயில் கூலரைப் பாருங்கள்

இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீரில் ஆயில் கலந்திருக்கிறது என்று சொன்னாலே போதும், "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதாவது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கிற தகடு போய்விட்டதாம், அதை மாற்ற ஹெட்டையே இறக்க வேண்டுமாம். எங்கள் வண்டி காசிமேட்டிலிருந்து மீன் லோடு ஏற்றுகிற பழைய டீசல் வேன், 2006 மாடல். எஸ்டிமேட்டைப் பார்த்து, காயலான் கடையில் போட்டுவிடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு வந்தது. கடைசியில் ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் வண்டி சரியானது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்தால் காபி நிறத்தில் கொழகொழவென்று சேறு. ஆனால் ஆயில் அளவு பார்க்கிற கம்பியில், அதாவது டிப்ஸ்டிக்கில், ஆயில் வழக்கம்போலக் கறுப்பு. வெள்ளைப் புகை இல்லை, ஹீட் ஏறவில்லை, இழுவையும் குறையவில்லை. தண்டையார்ப்பேட்டை பக்கம் ஒரு ஷெட்டில் இதையெல்லாம் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. ரேடியேட்டரைக் கழுவிவிட்டு லேபர் வாங்கினார்கள். எண்ணூர் போய்த் திரும்புவதற்குள் மறுபடி அதே சேறு. "ஹெட்தான் சார், அட்வான்ஸ் குடுங்க" என்றார்கள்.

மூலக்கடையில் ஒரு வயதான மெக்கானிக்தான் நிதானமாகக் கேட்டார். "புகை இல்ல, தண்ணி பொங்கல. அப்புறம் எதுக்கு தம்பி ஹெட்டை இறக்கணும்?"

அவருக்குச் சந்தேகம் ஆயில் கூலர்மேல். அதற்குள் ஆயிலும் கூலன்ட்டும் மெல்லிய தகட்டின் இரண்டு பக்கமும் ஓடும், கூலன்ட் ஆயிலின் சூட்டைக் குறைக்கும். இஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் கூலன்ட் பிரஷரைவிட மிக அதிகம். கூலருக்குள் ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீர்ப் பக்கம் போகும். நிறுத்திய பிறகு கதை மாறும்: ஆயில் பிரஷர் இறங்கிவிடும், சூட்டில் கூலன்ட் பிரஷர் கொஞ்ச நேரம் நிற்கும், அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கலாம். அதனால் டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், பேரிங் போய்விடும்.

ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்துப் பார்த்தார். எரிந்த புகை கூலன்ட்டில் கலந்தால் அது நிறம் மாறும். மாறவில்லை. சூடான தகட்டில் ஒரு சொட்டு இஞ்சின் ஆயில் விட்டார். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். சத்தமே இல்லாமல் புகைந்தது. அப்புறம் கூலரைக் கழற்றி, வாயை அடைத்து, காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். பற்றவைத்த ஓரத்தில் ஊசிமுனை அளவு இடம், அங்கிருந்து குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கூலர் அடுத்த தலைவலி. மாட்டுவதற்கு முன் வாளியில் அமுக்கினால் அதுவும் குமிழி விட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பழைய சாமான் வாங்கினால் காசு கொடுக்கும் முன்பே காற்று வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் புதிதே வாங்கிவிட்டோம்.

மாட்டுவது சுலபம், கழுவுவதுதான் பெரும்பாடு. சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, தண்ணீர் தெளிகிற வரை திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகியிருக்கும். காசு மிச்சம் என்று அதையே மாட்டாதீர்கள். லோடோடு மேம்பாலம் ஏறும்போது ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போனால், இதுவரை நன்றாக இருந்த ஹெட் அன்றைக்கு நிஜமாகவே போய்விடும்.