காலண்டர் தாளின் பின்பக்கம்

மே 12, திங்கள்

கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கேட்டுவிட்டு வந்தேன். ஆண்டுக்கு 40,000 ரூபாய், பி.எட். 2 ஆண்டுப் படிப்பு என்பதால் 80,000. பேருந்து, புத்தகம், ரெக்கார்டு நோட்டு, கற்பித்தல் பயிற்சிக்கு அவர்கள் சொல்லும் நிறத்தில் சேலை எல்லாம் தனி. கத்திரி வெயிலில் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம், பி.எஸ்சி. கணிதத்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்பே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார் அலுவலகத்து அம்மா.

மே 13

தூக்கம் வரவில்லை. 80,000.

மே 15, வியாழன்

உரிமைத்தொகை 1,000 ரூபாய் வரவானதாகக் காலையில் குறுஞ்செய்தி வந்தது. மாலையில் பால்காரர் வந்தார். 24 மாதம் தொடாமல் வைத்தாலும் 24,000தான் என்று தினசரிக் காலண்டரின் கிழித்த தாளில் எழுதிப் பார்த்தேன். யாரால் தொடாமல் வைக்க முடிகிறது?

மே 18, ஞாயிறு

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகள் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, பெரியவளை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டால் ஆண்டுக்கு 22,000 மிச்சமாகும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அதே கணக்கை நானும் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

மே 20, செவ்வாய்

வங்கி. கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள், நம் பங்காக முன்பணமும் கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டுதான் போனேன். மணமான பெண்ணுக்குக் கணவரே இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடலாம். எங்களுக்குச் சிக்கல் அங்கேதான் வந்தது. வண்டிக் கடனில் அவர் 2 தவணை தாமதித்தது கணினியில் அப்படியே இருந்தது, அதைப் பார்த்த அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டு, சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதைச் சலுகை என்கிறார்கள், ஆனால் வட்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 11 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 80,000க்கு ஆண்டுக்கு 8,800, 3 ஆண்டுக்கு 26,400. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை வங்கி அடுத்த ஆண்டுதான் விடுவிக்கும் என்பது பாத்திரம் தேய்க்கும்போது உறைத்தது. ஆகவே முதல் ஆண்டு வட்டி 4,400, மொத்தம் 22,000. இதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எதிர்வீட்டு ஆசிரியை தனியார் பள்ளியில் 9,500 வாங்குகிறார். அரசுப் பள்ளி என்றால் தகுதித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மே 21

வருமானச் சான்றிதழின் மேல் சின்னவன் பச்சை மெழுகு வண்ணத்தில் ரயில் வரைந்துவிட்டான். நல்லவேளையாக அது நகல்.

மே 25, ஞாயிறு

கேட்பவர்கள் எல்லாரும் கட்டணத்தை மட்டுமே கேட்கிறார்கள். எனக்குப் பயம் அந்த 16 வாரத்தைப் பற்றித்தான். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஏதாவது ஒரு பள்ளியில் முதல் மணி அடிக்கும்போது இருந்து கடைசி மணி வரை பாடம் நடத்த வேண்டும். ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று இரண்டு நாள் நின்றால் அந்த நாள்களை யார் ஈடு செய்வது? அஞ்சல் வழியில் படிக்கலாமே என்கிறார் தம்பி. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பி.எட்., ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கோ பணியில் உள்ள பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கோதான். வெறும் பட்டத்தோடு இருப்பவளுக்கு அந்தக் கதவு இல்லை.

அங்கன்வாடியிலிருந்து சின்னவனை அழைத்துவரும் நேரத்தில் நான் இன்னும் வகுப்பில்தான் இருப்பேன். அத்தைக்கு முழங்கால் வலி. பக்கத்து வீட்டு அக்கா மாதம் 3,000 கேட்பார், 4 மாதத்துக்கு 12,000. பண்ருட்டியில் அம்மாவிடம் விட்டால் பணச் செலவு இல்லை. பலாச்சுளை தின்றுகொண்டு அவன் நன்றாகவே இருப்பான், இரவில் என் முந்தானை நுனியைப் பிடிக்காமல் அவன் தூங்குவானா என்பதை மட்டும் தாளில் எழுதத் தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பெரியவள் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். காலை உணவு அங்கேயே கிடைப்பதால் எனக்குக் காலையில் 20 நிமிடம் மிஞ்சியது. அந்த 20 நிமிடமும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பழைய சீருடையை அத்தை மடித்துப் பரணில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வந்தவள், “எங்க டீச்சர் நல்லவங்கம்மா. நீயும் இங்கயே டீச்சரா வந்துடு” என்றாள்.

ஜூன் 5, வியாழன்

சங்கிலி 4 சவரன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் பெண்ணையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அடகு வைத்ததைச் சென்ற ஏப்ரலில்தான் மீட்டோம். கழுத்தில் அது கிடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இரவு சாப்பிடும்போது அதைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

ஜூன் 27, வெள்ளி

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அரசுக் கல்லூரி கிடைத்தால் 80,000 என்ற எண்ணையே மறந்துவிடலாம். ஆனால் அந்தக் கல்லூரி வேலூரிலோ ஒரத்தநாட்டிலோ புதுக்கோட்டையிலோ இருக்கும். தினமும் போய்வர முடியாது, விடுதியில் தங்க வேண்டும். 16 வாரத்துக்கே நடுங்குகிறவள் 2 ஆண்டுக்கு எங்கே போவாள்? கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல் பாடலீஸ்வரர் சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் நின்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

சின்னவனுக்கு நேற்றிரவு முதல் காய்ச்சல். மருத்துவருக்கும் மருந்துக்கும் 640 ஆனது. மருந்துக் கடையில் நிற்கும்போது கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். முன்பணமாக 5,000 கட்டினால் இடத்தை நிறுத்தி வைப்பார்களாம், வெள்ளிக்கிழமை மாலை வரைதான். அவருக்குச் சம்பளம் 7ஆம் தேதி.