மெதுவாக நடப்பவரின் ஊரில்

திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்குப் போகக் கும்பகோணத்தில் நாங்கள் ஏறிய காரைக்கால் பஸ் நாச்சியார்கோயிலைத் தாண்டும் முன்பே சித்தப்பா போனை எடுத்து என் மகளிடம் நீட்டிவிட்டார்.

"இதைப் படி பாப்பா. நாசாக்காரனே அசந்து போயிருக்கான்."

எனக்குப் படிக்காமலே தெரியும். உங்களுக்கும் வந்திருக்கும். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் எல்லாம் சரியாக 3 விநாடி ஸ்தம்பித்துப் போகின்றனவாம். கருநீலக் கதிர்கள்தான் காரணமாம். ஆராய வந்த விஞ்ஞானிகள் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டார்களாம். எந்த வருடம், எந்தச் செயற்கைக்கோள், வந்தவர் பெயர் என்ன என்று எதுவும் இருக்காது. கடைசி வரியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருக்கும்.

என் மகள் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருடம். சித்தப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2026 பொங்கல் லீவில் வந்த சனிக்கிழமை. இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

அவள் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். "சின்ன தாத்தா, தாழ்வாகச் சுத்துற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாம வச்சிருக்கு. நின்னுச்சுன்னா அவ்வளவுதான், விழ ஆரம்பிச்சிடும். மறுபடி ஓட வைக்க அந்த வேகத்தை யாராவது திரும்பக் கொடுக்கணும்."

"விழாம நிக்குதே, அதுதானே பாப்பா அதிசயம்!"

"நிஜமாவே நின்ன மாதிரி இருக்கிற செயற்கைக்கோளும் உண்டு தாத்தா. 36,000 கிலோமீட்டர் உயரத்துல. ஆனா அதெல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலதான். திருநள்ளாறு அதுக்கு வடக்கே 11 டிகிரி தள்ளி இருக்கு."

சித்தப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். ஏழரை என்ற எண் அங்கேயும் வந்து நிற்பதை அவர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நல்லவேளை, சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கமாக வந்தார். "நாசா சொல்றதையெல்லாம் நம்பிட முடியுமா? நிலாவுக்குப் போனேன்னு சொன்னான். காத்தே இல்லாத இடத்துல கொடி ஆடுது!"

அரை மணி நேரம் முன்னால் நாசாவே அசந்துபோனதாகச் சொன்ன அதே வாய். நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி வைத்துத் தைத்திருந்ததையும், நடும்போது ஏற்பட்ட ஆட்டம் காற்று இல்லாததால் சீக்கிரம் அடங்கவில்லை என்பதையும் விளக்கினாள். அங்கே விட்டு வந்த கண்ணாடிப் பட்டைகளில் இன்றைக்கும் லேசர் ஒளியை அடித்து, அது இரண்டரை விநாடியில் திரும்பி வருவதை அளக்கிறார்கள் என்றாள். நம்ம சந்திரயான்-2 எடுத்த படத்திலேயே 1969-இல் இறங்கிய அப்பல்லோ 11 கலத்தின் அடிப்பாகம் தெரிகிறது என்றாள். "சரி சரி" என்றார் சித்தப்பா. ஒப்புக்கொண்ட சரி இல்லை, போதும் என்கிற சரி.

எனக்கு உறுத்தியது ஒன்றுதான். நாசா சாமிக்குச் சான்றிதழ் கொடுத்தால் உண்மை, மனிதன் நிலாவில் நடந்தான் என்றால் பொய். இதை அறிவியல் மீது சந்தேகம் என்று சொல்ல முடியாது. சந்தேகப்படுகிறவர் இரண்டு பக்கமும் ஒரே டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் சித்தப்பா அதில் கில்லாடி. லைன் ஆஃப் என்று ஆபீசே சொன்னாலும், தானே சோதித்துப் பார்க்காமல் ஒரு கம்பியைத் தொட்டதில்லை. முப்பத்தைந்து வருட வேலையில் ஒரு ஷாக் கூட வாங்காத மனிதர்.

நளன் குளத்தில் நல்ல கூட்டம். தலையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் குளித்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவார்கள். குளம் முழுக்கச் சட்டையும் சேலையுமாக மிதக்கும். இப்போது குளத்தில் விடக்கூடாது என்கிறார்கள். சனியைக் கழித்துப் போடுகிறோம் என்று தண்ணீரைக் கெடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று யோசிக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது நமக்கு.

நாங்கள் மூன்று பேரும் முங்கி எழுந்தோம். மகளும்தான். "தண்ணி நல்லா ஜில்லுன்னு இருக்குப்பா" என்றாள்.

கரையில் துவட்டிக்கொண்டிருந்தபோது கோயிலுக்குக் குறுக்கு வழி உண்டா என்று சித்தப்பா போனில் மேப்பைத் திறந்தார். நீலப் புள்ளி அவர் நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தது. மகள் எட்டிப் பார்த்தாள். "சின்ன தாத்தா, இந்தப் புள்ளி எப்படி வருது தெரியுமா? 20,000 கிலோமீட்டர் மேலே இருக்கிற செயற்கைக்கோள்கள்கிட்ட இருந்து வர்ற சிக்னலை வச்சுத்தான். அதுல நேரக் கணக்கு ஒரு விநாடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பினாலே தூரம் 300 மீட்டர் தப்பிடும். மூணு விநாடி நின்னா இந்தப் புள்ளி எங்க போயிருக்கும்?"

சித்தப்பா புள்ளியைப் பார்த்தார். மேலே வானத்தைப் பார்த்தார். மறுபடி புள்ளியைப் பார்த்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. ஒன்றும் சொல்லாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுவது, இது சிவன் கோயில் என்பதை. மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், தர்ப்பைக் காட்டில் தோன்றியவர். முதலில் அவர், அப்புறம்தான் சனீஸ்வரர். தியாகராஜர் குடிகொண்ட ஏழு ஊர்களான சப்த விடங்கத் தலங்களில் இது ஒன்று. இங்குள்ள தியாகராஜர் நகவிடங்கர், அவர் நடனம் உன்மத்த நடனம். சன்னிதியில் ஓர் ஐந்து நிமிடம் தள்ளுமுள்ளு இல்லாமல் நிற்க முடிந்தது. கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் இருந்ததால் கிடைத்த பேறு.

அங்கே நின்றபோதுதான் பச்சைப் பதிகம் நினைவுக்கு வந்தது. மதுரையில் சமணர்களோடு நடந்த அனல் வாதத்தில் ஞானசம்பந்தர் தம் ஏட்டுக் கட்டில் கயிறு நுழைத்து ஓர் ஏட்டைப் பிரித்துப் பார்க்க, இந்தத் தலத்துப் பதிகம் வந்ததாம். அதை நெருப்பில் இட, ஓலை கருகாமல் பச்சையாகவே இருந்ததாம். அதனால் அந்தப் பெயர். மகளுக்குச் சொன்னேன். "எதிர்த்தரப்பு ஓலையையும் அதே நெருப்புல போட்டாங்களா?" என்றாள். போட்டார்கள், அது எரிந்தது என்பதுதான் புராணம். "பரவாயில்லையே, ரெண்டையும் ஒரே மாதிரி சோதிச்சிருக்காங்க" என்றாள்.

எனக்கு அந்தப் பதிகம் பிடிக்கும், பாடவும் செய்வேன். ஆனால் அடுத்து நடந்த புனல் வாதத்திலும் தோற்ற சமணர்கள் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிற இடம் வரும்போது என் பக்தி கொஞ்சம் தயங்கும். தோற்றவன் உயிரோடு வீட்டுக்குப் போக முடியாத வாதத்தை வாதம் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் தோற்ற சித்தப்பா என் பக்கத்தில் எள் விளக்குக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். காலம் ஓரளவு தேறியிருக்கிறது.

சனீஸ்வரர் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். எள்ளெண்ணெய்ப் புகை, நீலத் துணி, வியர்வை. முன்னால் ஒரு அம்மா மகனின் ஜாதகத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகியிருந்தார். கிட்டே போனால் சனீஸ்வரர் சின்ன உருவம்தான். இத்தனை பயத்துக்கும் இத்தனூண்டு விக்கிரகமா என்று தோன்றும். அபயம் காட்டும் அனுக்கிரக மூர்த்தி என்று அர்ச்சகர் சொல்லிக்கொண்டே தீபத்தைக் காட்டினார்.

இங்கே நான் முதலில் வந்தது 1996-இல், அப்பாவோடு. இதே சித்தப்பாவும் வந்திருந்தார், தலை நிறைய கருப்பு முடியோடு. சனி ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம். வரிசையில் நிற்கும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு வானத்தில் சனி எந்தப் பக்கம் நின்றதோ, ஒரு முழுச் சுற்று முடித்து அந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. வரிசையும் அதே வரிசை. அப்பா மட்டும் இல்லை. தீபம் தாழ்ந்தபோது என் கண் நிறைந்ததற்கு எந்தக் கதிரும் காரணமில்லை.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் நிஜமான சண்டை வந்தது. மகள் மேஷ ராசி. அவளுக்கு ஏழரை ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் இந்தப் பயணமே. சித்தப்பா மகர ராசி. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சிலேயே சனி மீனத்துக்குப் போய்விட்டது. மகரத்துக்கு விடுதலை, மேஷத்துக்கு ஆரம்பம். ஆனால் இந்தக் கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி அன்றைக்குச் சனி இன்னும் கும்பத்தில்தான் இருந்தது. 2026 மார்ச்சில்தான் பெயர்ச்சி.

"அப்போ இன்னைக்கு எனக்கு ஏழரை இருக்கா, இல்லையா?" என்றாள் மகள்.

"வீட்ல இருந்தா இருக்கு. இந்த ஊர்ல இல்லை" என்றேன்.

"எனக்கு?" என்றார் சித்தப்பா, கொஞ்சம் கவலையாக.

இந்த இரண்டு பஞ்சாங்கச் சண்டையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வாக்கியம் என்பது வாய்பாடு. கோள்களின் நடையை மனப்பாடம் செய்யத் தோதாகச் சொற்களில் கட்டி, தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். 1825-இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்திர கிரகணம் கணிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்த மனிதர் ஓர் எழுத்து எழுதவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடத்திலிருந்தே கணக்கை முடித்துவிட்டார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அப்போதுதான் அந்தச் சோழிகளின் பெருமை முழுசாகத் தெரியும்.

ஆனால் பழைய வாய்பாட்டில் சின்னப் பிசகு இருந்தால் நூற்றாண்டுகளில் அது சேர்ந்துகொண்டே போகும். அப்போது வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்து என்று சொன்னதும் நம்மவர்கள்தான். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அவர்களில் ஒருவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை ஊர் மக்களுக்குப் புரிய வைக்கத் தமிழிலும் எழுதியவர். திருக்கணிதத்தில் இருக்கும் 'திருக்', மரியாதைக்குப் போடும் திரு இல்லை. த்ருக், காட்சி. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் கணிதம். என் தாத்தா காலத்தில் இதற்காகச் சம்பந்திகள் பேசாமல் இருந்த கதையெல்லாம் உண்டு.

"இதைச் சொல்லுங்களேன் சின்ன தாத்தா, வாட்ஸ்அப்ல" என்றாள் மகள். "டெலஸ்கோப் இல்லாம, வெறும் கண்ணால பார்த்து, இது முப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் சுத்தி வருதுன்னு கண்டுபிடிச்சு, பன்னிரண்டால வகுத்து ராசிக்கு ரெண்டரை வருஷம்னு வச்சிருக்காங்க. ஒருத்தர் வாழ்நாள்ல ரெண்டு மூணு சுத்துதான் பார்க்க முடியும். அப்போ எத்தனை தலைமுறை பார்த்துக் குறிச்சு வச்சிருக்கணும்! அதை விட்டுட்டு நாசா வந்து கும்பிட்டான்னு..."

"அதனால சனி மனுஷனைப் பிடிக்குதுன்னு ஆயிடுமா?" இது நான். எனக்கும் கொஞ்சம் தூண்டிவிடும் புத்தி உண்டு.

"நான் அப்படிச் சொல்லலையேப்பா. அது எவ்வளவு மெதுவா போகுதுன்னு கணக்குல காட்டலாம். எனக்கு அரியர் வருமான்னு காட்ட முடியாது."

"நீ படிக்காட்டி வரும்" என்றார் சித்தப்பா. மூன்று பேரும் சிரித்தோம். டீ ஆறிவிட்டது.

பஸ் வர ஏழு மணி ஆயிற்று. நிறுத்தத்தில் ஒரு டியூப்லைட் செத்துக் கிடந்ததால் நல்ல இருட்டு. அமாவாசைக்கு முந்தின நாள், நிலாவும் கிடையாது. மகள் தென்மேற்கே கையை நீட்டினாள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே, பாதி வானத்துக்குச் சற்றுக் கீழாக, லேசான மஞ்சளில் ஒரு புள்ளி. மற்றவை மினுக்கின, அது மினுக்கவில்லை. அதனிடமே ஒரு கலம் போய் 2004-இலிருந்து 2017 வரை சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது, கடைசியில் அதற்குள்ளேயே விழுந்து முடிந்தது என்றாள்.

"இதுவா? இவரா?" என்றார் சித்தப்பா. எழுபத்திரண்டு வயதில், இத்தனை பெயர்ச்சிகளுக்கு வந்தவர், இதுவரை வானத்தில் பார்த்ததில்லையாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"பாப்பா, இப்போ கும்பமா, மீனமா?"

அவள் போனைத் தூக்கி வானத்தில் காட்டினாள். "எல்லையை ஒட்டித்தான் இருக்கு தாத்தா. மீனத்துப் பக்கம்."

"கோயில்ல இன்னும் கும்பம்தான்."

"வானத்துல வந்துட்டாரே."

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். சனைச்சரன் என்றாலே மெதுவாக நடப்பவன் என்று அவர்தான் எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவர்.

"இந்த ஊருக்கு வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும், பாப்பா. அவரு நடையே அப்படித்தானே."

பஸ் வந்தது. ஜன்னல் சீட்டு யாருக்கு என்று அப்புறம் ஒரு சண்டை.