படபடப்பே வராத லோ சுகர்

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர் பிரஷர் பாக்குற சிஸ்டரா வேலை பாக்குறேன். காலைல 8 மணிக்கே லைன் நிக்கும், பிரஷர் பாத்து சுகர் குத்தி நோட்டுல எழுதி ஒரு மாச மாத்திரைய எண்ணிக் குடுத்து அனுப்பணும். மொத ரெண்டு வருஷம் பிரஷர் நம்பர மட்டும்தான் பாத்தேன், 130/80 இருந்தா நிம்மதியா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன்.

அன்னிக்கு லைன்ல ஒரு பாட்டி சோர்ந்து போய் உக்காந்திருந்தாங்க. "என்ன பாட்டி செய்யுது, நெஞ்சு படபடங்குதா, கை நடுங்குதா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் இல்ல கண்ணு, வேர்த்துதான் ஊத்துது"ன்னாங்க. பல்ஸ் 56. லோ சுகர்னா பல்ஸ் எகிறணுமே, இது வெயில்ல நடந்து வந்த களைப்புன்னு நானே முடிவு பண்ணி தண்ணி குடுத்து உக்கார வெச்சுட்டேன். கொஞ்ச நேரத்துல பேச்சு குழறுது, கண்ணு சொருகுது, அப்புறம்தான் ஓடிப்போய் குத்திப் பாத்தா சுகர் 44. டாக்டர் வந்து டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் ஊசி) போட்டு அவங்க கண்ண முழிச்சு என் கையப் புடிச்சப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. வெறும் வயித்து டெஸ்ட்டுன்னு சாப்பிடாம வந்தவங்க சுகரக் கொறைக்குற கிளிமிபிரைடு மாத்திரைய மட்டும் போட்டுட்டு வந்திருக்காங்க, கூடவே பிரஷருக்கு அட்டெனலால் 50 மி.கி.

அந்த அட்டெனலால்தான் விஷயமே. சுகர் இறங்குனா உடம்பு அட்ரினலின் சுரக்கும், அது இதயத்துல அட்ரினலின் வந்து ஒட்டுற எடமான பீட்டா ரிசெப்டர்ல உக்காந்துதான் படபடப்பு வருது, மாத்திரை அந்த எடத்தையே அடைச்சு வெச்சிருக்கும். வேர்வை வேற வழியா வர்றதால அத மட்டும் மறைக்காது. பாட்டி சரியாத்தான் சொன்னாங்க, எனக்குத்தான் புரியல.

டாக்டர் இன்னொன்னும் சொன்னாரு, இதே மாத்திரை கிட்னில ரெனின்ங்கற என்சைம் சுரக்குறதையும் கொறைக்குது. ரெனின் கொறஞ்சா ரத்தக்குழாய இறுக்குற ஆஞ்சியோடென்சின் கொறையும், அதோட உப்பத் தங்க வைக்குற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் கொறையும், ரத்தக்குழாய் இறுகாது, உப்பும் தண்ணியும் உடம்புல தங்காது. எனலாபிரில்ங்கற இன்னொரு பிரஷர் மாத்திரை வேற மாதிரி, ரெனின் ஏறத்தான் செய்யும் ஆனா அதுக்கு அடுத்த படிய தடுத்துடும், பல்ஸ பெருசா தொடாது, ஆனா ஆல்டோஸ்டிரோன் கொறையறதால பொட்டாசியம் ஏறலாம். எல்லாத்தையும் "பிரஷர் மாத்திரை"ன்னு ஒரே பேர்ல கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன்.

இப்ப எல்லாருக்கும் பல்ஸ் எண்ணுறேன். போன மாசம் ஒருத்தருக்கு 112, கேட்டா ஊர்த் திருவிழாவுக்குப் போனப்ப மாத்திரைய விட்டுட்டாராம், நாலு நாளாச்சாம். அட்டெனலால் மாதிரி பீட்டா ரிசெப்டர அடைக்குற பீட்டா பிளாக்கர் மாத்திரைய திடீர்னு நிறுத்துனா அதுவரைக்கும் அடங்கி இருந்த இதயம் அட்ரினலினுக்கு வழக்கத்த விட அதிகமா துள்ளும், நெஞ்சுவலி வரைக்கும் போகலாம், அவர லைன்ல நிக்க விடாம நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எங்க நோட்டுல பல்ஸுக்குன்னு கட்டம் கிடையாது, பிரஷருக்குப் பக்கத்துலயே சின்னதா எழுதிடுறேன்.